பத்துப் பெயருக்குக் கீழே

நேற்றுக் கடை பூட்டும்போது முதலாளி பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். வழக்கம்போலச் சேலைக் கரைத் துண்டால் கட்டியிருந்தார். முகத்தைப் பார்க்காமல், "கொண்டு போங்க தங்கச்சி. பழக்கத்துல கட்டிட்டேன்," என்றார். இன்று காலை அந்த முடிச்சை அவிழ்த்ததும் பூச்சி உருண்டை மணம் குப்பென்று வந்தது. துணிக்கடை மேசைக்கு அடியில் ஒரு மாதம் கிடந்த கடதாசியின் மணம். எந்த நாட்டுக்காரர் செத்தாலும் நம் தோட்டத்துக்கு வரும்போது ஒரே மணம்தான் என்று நீ சொல்லிச் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டைப் பிரித்தபடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த மாதத்துப் பத்திரிகைகளில் யார் யார் செத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டியவள் நீ. நீயும் இதே மாதத்தில்தான் செத்திருக்கிறாய். எதிலிருந்து தொடங்குவது என்று எனக்கு விளங்கவில்லை.

நான் பெல்மதுளைத் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த வருடம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போதுதான் நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு ஆயம்மாவானாய். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அலுமாரித் தட்டுகளில் விரிக்கப் பழைய பத்திரிகை வேண்டும் என்று என்னிடம் கேட்டாய். முதலாளி மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டிக் கொடுத்தார். நீ விரித்தாயா? இல்லை. பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாய். எங்கேயோ குளிர்நாட்டில் ஒரு வயசாளி செத்திருந்தார். சின்னப் பிள்ளைகளின் காதுவலிக்கு மருந்து கண்டுபிடித்தவராம். உன் காம்பராவில் அந்தக் கிழமை நாலு பிள்ளைகளுக்குக் காதில் சீழ்.

சாயந்திரம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது வாசலில் நின்று கையைப் பிடித்து இழுத்தாய். "இங்க பாரு புள்ள. இந்த மனுசன் செத்து இருவது நாளாச்சு. நம்ம புள்ளைகளுக்கு இவ்வளவு செஞ்சிருக்காரு. நாம ஒரு வெளக்குக்கூட வெக்கல!"

உனக்குப் பைத்தியமா என்று கேட்டேன். நீ கரும்பலகையில் இருந்த அ, ஆ, இ எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அவர் பெயரை எழுதினாய். பக்கத்தில் ஒரு வரி: பிள்ளைகளின் காதைக் காப்பாற்றியவர். அதற்குக் கீழே தேங்காயெண்ணெய் விளக்கு. பிள்ளைகளை எடுக்க வந்த தாய்மார் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னவோ ஏதோ என்று பதறினார்கள். நீ விவரம் சொன்னாய். நம் கண்ணாத்தா அப்போது பேரனை எடுக்க வந்தவள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்று, "இவரு எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள்.

அன்று சிரித்த சிரிப்பு! ஆனால் கண்ணாத்தா கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஒரு சாவுச் செய்தி வந்தால் நாம் முதலில் கேட்பது அதைத்தானே. எந்தத் தோட்டம், மேப்பிரிவா கீழ்ப்பிரிவா. அது தெரிந்தால்தான் நாம் போக வேண்டிய சாவா, கேட்டுவிட்டு இருக்கிற சாவா என்று முடிவெடுக்கலாம். அதற்குப் பிறகு இருபது வருடமாக ஒவ்வொரு பெயருக்கும் அவள் அதையே கேட்டாள். நீயும் சளைக்காமல், "நம்ம தோட்டம் இல்ல கண்ணாத்தாக்கா, தூரம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாய். "அப்பச் சரி, இங்கனயே கும்புட்டுக்குவோம்," என்று அவள் கை கூப்புவாள்.

மாதக் கடைசி வெள்ளி, பத்துப் பெயர், ஆளுக்கு ஒரு வரி. அது தானாகவே ஒரு வழக்கமாகிவிட்டது. யார் பெரிய ஆள் என்பதற்கு உன்னிடம் ஒரு சட்டம் இருந்தது. பத்திரிகையில் படம் வந்திருக்க வேண்டும். ஆனால் மரண அறிவித்தல் பக்கத்துப் படம் செல்லாது. "அது சொந்தக்காரங்க போட்டது. பேப்பர்காரங்க தானா போட்டாங்களான்னு பாரு," என்பாய். பாட்டுக்காரர், மலை ஏறியவர், எங்கோ ஒரு நாட்டை ஆண்டவர், பூச்சிகளைப் பற்றி ஆராய்ந்த கன்னியாஸ்திரி, எல்லாரும் நம் காம்பராச் சுவரில் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகளை நிறுக்க வரும் மிட்வைஃப் மிஸ்ஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவரும் உள்ளே நுழையும்போதே, "மே மாசே கவுத மெருனே?" என்று, இந்த மாதம் யார் செத்தது என்று, சிங்களத்தில் விசாரிப்பார். நீ பத்துப் பேரையும் சிங்களத்தில் ஒப்புவிப்பாய். என்னைவிட உனக்குச் சிங்களம் நன்றாக வரும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட.

போன் வந்த பிறகு நான் சொன்னேன், இனி இது எதற்கு, எல்லார் கையிலும் அன்றன்றைக்கே செய்தி வருகிறதே என்று. "போன்ல வர்ற சாவு வந்த வேகத்துலயே மேல போயிருது புள்ள. ஒரு மாசம் கழிச்சும் ஒருத்தர நெனைக்கணும்னா பலகைலதான் எழுதணும்," என்றாய். அப்படிச் சொன்ன நீயே ஒருமுறை போனை நம்பி ஒரு நடிகரைச் சாகடித்தாய். அடுத்த மாதம் பலகையின் முதல் வரி இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது: போன மாதம் ஏழாவதாக எழுதிய ஐயா நலமாக இருக்கிறார், மன்னிக்கவும். கண்ணாத்தா சண்டைக்கு வந்துவிட்டாள். "அப்ப நான் வெளக்குல ஊத்துன எண்ணெ? அது யாரு கணக்குல போச்சு?" மற்ற ஒன்பது பேருக்கும் பங்கு போய்ச் சேர்ந்திருக்கும் என்று நீ சமாதானம் சொன்னாய்.

உன் இன்னொரு சட்டம்தான் என்னை இன்றுவரை குழப்புகிறது. நம் தோட்டத்தில் செத்த யாரையும் நீ பலகையில் எழுதவே மாட்டாய். கேட்டால் ஒரே பதில். "நம்ம ஆளுகளுக்குத் தப்பு அடிக்கிறோம், வீட்டுக்கொரு ஆளு போயி குழி வெட்டுறோம், கருமாதி கும்புடுறோம். இவங்களுக்கு இங்க யாரு இருக்கா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எனக்கும் நியாயமாக இருந்தது, என் வீட்டுக்காரர் சாகும்வரை.

அவர் செத்த அதே மாதத்தில் ஒரு பெரிய பந்தாட்டக்காரரும் செத்திருந்தார். பலகையில் முதல் பெயர் அவருடையது. நான் கருமாதி முடிந்த மூன்றாம் நாள் உன்னிடம் வந்தேன். அழுகை வற்றிப்போய், கோபம் மட்டும் மிச்சமிருந்த நேரம். "பதினோராவதா இவர எழுது," என்றேன். முப்பது வருடம் கொழுந்து லொறி ஓட்டியவர். நம் பாதையின் அத்தனை வளைவும் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நனைந்துகொண்டு நின்றால் ஏற்றாமல் போகமாட்டார். சம்பள நாளில் குடிப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியாததா. அந்தப் பந்தாட்டக்காரர் நம் பிள்ளைகளை ஒருநாளாவது லொறியில் ஏற்றினாரா என்று கேட்டேன்.

நீ என் கையைப் பிடித்தாய். "அவருக்குத்தான் நாம இருக்கோமே செல்வி."

கையை உதறிவிட்டு வந்துவிட்டேன். மூன்று மாதம் உன்னோடு பேசவில்லை. கட்டை மட்டும் மாதாமாதம் கொண்டுவந்து காம்பரா வாசலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவேன். நீ உள்ளே இருந்து பார்ப்பது தெரியும். நாலாம் மாதம் நீயே குழாயடியில் என் குடத்தை வாங்கிப் பிடித்தாய். நானும் விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் எவ்வளவு நாள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது? ஆனால் உள்ளே அது ஆறவில்லை. உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அதே குழாயடியில் போன வருடம் நீ திடீரென்று கேட்டாய். "நான் போயிட்டா பலகைல யாரு எழுதுவா?"

நானும் விடுவேனா? "நான் எழுதுவேன். ஆனா ஒஞ் சட்டப்படி ஒம் பேரு அதுல வராதே," என்றேன். பழைய கோபம் அந்த இடத்தில் வந்து குத்திவிட்டது. நீ கொஞ்சம் யோசித்தாய். "ஆமால்ல," என்றாய். குடம் நிரம்பி வழிந்தது. அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்ப நல்லது," என்று சொல்லிவிட்டு நடந்தாய்.

எது நல்லது? உன் பெயர் வராதது நல்லதா? உன் பெயரை எழுதும் கஷ்டம் எனக்கு வராதது நல்லதா? என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா? அன்றைக்கே ஓடிவந்து கேட்டிருக்கலாம். எங்கே போய்விடப் போகிறாய் என்று இருந்துவிட்டேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். த்ரீவீலில் இரத்தினபுரிக்குக் கொண்டுபோனோம். இரண்டாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தது உன் உடம்பைத்தான். அந்தக் கிழமை பெல்மதுளையில் ஒரு பெரிய இரத்தினக்கல் முதலாளியும் செத்திருந்தார். சந்தி முழுக்க வெள்ளைக் கொடியும் அவர் படமும். அதைத் தாண்டி நம் பாதையில் திரும்பினால் உனக்கும் நம் பொடியன்கள் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். தப்பு அடித்தார்கள். வீட்டுக்கொரு ஆள் போய்க் குழி வெட்டினார்கள். நீ சொன்ன கணக்குப்படி உனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. பிறகு ஏன் எனக்கு ஒன்றுமே கிடைக்காத மாதிரி இருந்தது?

உன் கருமாதி அன்று உன் அண்ணன் மகள் சுமதி ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அத்தை தலகாணிக்குக் கீழ இருந்துச்சு. ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு தோணுச்சு." புரட்டினேன். பலகையில் எழுதிய எல்லா மாதமும் அதில் இருந்தன, ஒரு பக்கத்துக்கு ஒரு மாதமாக. நீலப் பேனையில் பத்துப் பெயர். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால், எறும்பு அளவு எழுத்தில், இன்னும் ஏதோ.

மேப்பிரிவு லெட்சுமி. அட்டை கடிச்சா உப்ப மொதல்ல பக்கத்து நெரைக்காரிக்குத்தான் குடுப்பா.

கோயில் பூசாரி. மணியடிக்க மறந்தா சாமிகிட்டச் சத்தமாவே மன்னிப்புக் கேப்பாரு.

பங்களாத் தோட்டக்காரர். தொரைக்குத் தெரியாம காம்பராவுக்கு ரோசாச் செடி கொண்டாந்து நட்டாரு.

இருபது வருடத்தில் நம் தோட்டத்தில் செத்த ஒருவரைக்கூட நீ விடவில்லை. இரண்டு பேர் செத்த மாதத்தில் இரண்டு வரி. யாரும் சாகாத மாதங்களில், இந்த மாசம் நம்மள்ல யாரும் இல்ல, நல்ல மாசம், என்று எழுதியிருந்தாய். பலகையில் மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் கொப்பியில் ஏன் எழுதினாய்? எழுதினவள் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை? உன் சட்டத்தை நீயே நம்பவில்லையா, அல்லது நம்பித்தான் இப்படி ஒளித்து எழுதினாயா? ஒன்றும் பிடிபடவில்லை.

என் வீட்டுக்காரர் செத்த மாதத்தைத் தேடினேன். பந்தாட்டக்காரர் பெயர் முதலில் இருந்தது. அடியில் பென்சிலால், லொறி முருகையா, என்று இருந்தது. அதற்குப் பிறகு ஓட்டை. அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துக் கடதாசி கிழிந்து, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நான் என்னென்னவோ நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் மறைக்கப்போவதில்லை. அவரைப் பற்றி நல்லதாக ஒன்றுமே உனக்குக் கிடைக்கவில்லையோ என்று முதலில் கோபம் வந்தது. குடியைப் பற்றி எழுதிவிட்டு எனக்காக அழித்திருப்பாயோ என்று பிறகு. அதற்கும் பிறகு, நீ கல்யாணம் கட்டாமலே இருந்துவிட்டதையும், அவர் லொறியை உன் காம்பரா வாசலில் நிறுத்தித் தண்ணீர் கேட்டுக் குடிப்பதையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு நாள் உன்மேல் எனக்கு வந்த கோபத்தைக் கேட்டால் நீ எழுந்து வந்துவிடுவாய். செத்தவளோடு சண்டை போட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டேன்.

இன்றுதான் மாதக் கடைசி வெள்ளி. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கத்தரிக்கோலோடு உட்கார்ந்து உன்னைப் போலவே தேடினேன். பத்துப் பேர் தேறினார்கள். இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்த ஒருவர். கடலுக்கு அடியில் படம் பிடித்த ஒரு பெண். ஒரு ஊர்க் கோபுரத்துக் கடிகாரத்தை வாழ்நாள் முழுக்கப் பழுது பார்த்தவர். நீலப் பேனையால் கொப்பியில் எழுதினேன். அதற்குக் கீழே பென்சிலால் உன் பெயரை எழுதினேன். பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். முப்பது பிள்ளைகளைத் தூங்க வைத்தவள், என்று எழுதினேன். அது எந்த ஆயம்மாவுக்கும் பொருந்தும். அழித்தேன். தூரத்துச் சாவுக்கெல்லாம் விளக்கு வைத்தவள், என்று எழுதினேன். சாவு வீட்டுப் பந்தல் பேச்சு மாதிரி இருந்தது. அழித்தேன். என்னோடு குழாயடியில் நின்றவள், என்று எழுதிவிட்டு, அது உன்னைப் பற்றியா என்னைப் பற்றியா என்று தெரியாமல் அதையும் அழித்தேன். கடதாசி மெலிந்துபோய், அடுத்த பக்கத்துக் கோடு தெரிந்தது. அப்போதுதான் அந்த ஓட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீயும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாயா? எனக்காக ஒரு சரியான வரியைத் தேடித் தேடியா அந்தக் கடதாசி கிழிந்தது? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனசு சொல்கிறது. உறுதியாகத் தெரியாது. கேட்க ஆள் இல்லை.

நாலரைக்குக் காம்பராவுக்குப் போனேன். இப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற சுமதி வாசலிலேயே மறித்தாள். "அத்தைக்கு இஷ்டமில்லாதத செய்யாதீங்க." அவள் சொன்னதும் சரி. கூடையோடு வந்த தாய்மார், "ஆயம்மா பேரு இருக்குமா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டதும் சரி. எல்லாரும் சரியாக இருந்தால் நான் என்னதான் செய்வது? சோக்கட்டியை எடுத்துப் பத்துப் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றாக வாசித்தேன். கண்ணாத்தாவும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவளுக்கு இப்போது முதுகு வளைந்து, பேரனுடைய பிள்ளையை எடுக்க வருகிறாள். எழுதப் படிக்கத் தெரியாது. "இவரு எந்தத் தோட்டம்?" தூரம் கண்ணாத்தாக்கா. "இந்தப் பொம்பள?" தூரம். யாரும் சிரிக்கவில்லை.

பத்தாவது பெயரோடு சோக்கட்டியை வைத்துவிடத்தான் நினைத்தேன். நீ வகுத்த சட்டம், நீயே போன பிறகு அதை மீற எனக்கு என்ன உரிமை? ஆனால் கை கீழே இறங்கவில்லை. பத்துப் பெயருக்குக் கீழே உன் பெயரை எழுதினேன். பக்கத்தில் வரி எதுவும் எழுதவில்லை. அதை வாசிக்காமலே சோக்கட்டியைக் கீழே வைத்தேன்.

கண்ணாத்தா பலகையை அண்ணாந்து பார்த்தாள். கீழே இன்னும் ஏதோ எழுதியிருப்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். "அது யாரு கடைசில? எந்தத் தோட்டம்?"

"நம்ம தோட்டம்," என்றேன்.

கண்ணாத்தா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மழைக்குப் போர்த்திக்கொண்டு வந்து கீழே வைத்த சாக்கை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நம்ம தோட்டமா? அப்பப் போகணுமே," என்றாள்.

போனோம். அடக்கத்துக்கு ஒருமுறை போன அத்தனை பேரும், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு ஊடாக மறுபடி உன்னிடம் வந்தோம். மழையில் உன் மண் கொஞ்சம் இறங்கியிருந்தது. நடக்கத் தெரிந்த பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவ நிற்கிற மாதிரி உன் முன்னால் வரிசையாக நின்றார்கள். சுமதி என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் உன்னைக் கும்பிடவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

நான் செய்தது சரியா என்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ கோபித்தாலும் கோபி, உன் பெயர் ஒரு மாதம் பலகையில் இருக்கும். அடுத்த மாதக் கட்டையும் கொண்டுவருவேன். முதலாளி கட்டிவைப்பதாகச் சொல்லிவிட்டார். கொப்பியும் பென்சிலும் அழிறப்பரும் என் பையில் இருக்கின்றன. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எடுத்து ஒரு வரி எழுதுவேன், பெல்மதுளை வருவதற்குள் அழித்துவிடுவேன். உன் பெயருக்குப் பக்கத்தில் கடதாசி நன்றாக மெலிந்துவிட்டது. இன்னும் ஓட்டை விழவில்லை.